வீராணம் கரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். பொன்னியின் செல்வன் முடியும்வரை பதினைந்து பேர் வந்தார்கள். அப்புறம் நிஜமான சரித்திர நூல் படிக்கலாமே என்று ஒன்றை எடுத்தோம், அடுத்த கூட்டத்துக்கு ஐந்து பேர்தான். எப்படிப்பட்ட நூல்களை எடுப்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்திருப்பீர்கள் அம்மா. சான்றுகள், வமிசாவளி என்று நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிடும். கதை படித்தபோது தீராமல் கிடந்த சந்தேகம் எதுவோ, அதைப் பேசுகிற அத்தியாயத்தை மட்டும் எடுங்கள்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? இதைக் கேட்காத பொன்னியின் செல்வன் வாசகர் உண்டா! கல்கி பிடிகொடுக்காமல் போய்விட்டார். ஆனால் கல்வெட்டு இருக்கிறது, அதுவும் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீராணம் ஏரிக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயில் சுவரில். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. படித்துப் பார்த்தால் கொலைக் கதையே இல்லை, அந்தத் துரோகிகளின் உறவினர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தை விற்ற விவகாரம், ஏறக்குறைய நம் பத்திரம் மாதிரிதான். இதை வைத்துக்கொண்டு சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனைச் சந்தேகிக்கிறார், இன்னொரு சரித்திர ஆசிரியரான சதாசிவ பண்டாரத்தார் இல்லவே இல்லை என்கிறார். இரண்டு பேர் எழுதிய அந்தப் பக்கங்களை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு, கூட்டத்தை இரண்டு கட்சியாகப் பிரித்து விடுங்கள், விளக்கை அணைக்க நூலகர் வந்து நின்றாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பண்டாரத்தார் உங்களுக்குப் பக்கத்துத் திருப்புறம்பியத்துக்காரர். அவருடைய ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதி 1949-இல் வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கிறது என்ற தொல்லை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைக்கரை வழியாகப் பஸ் ஏறி அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று ஆரம்பிக்கிற இடத்தை யாராவது ஒருவர் விரலால் காட்டினால் போதும், வராத பத்துப் பேரும் அடுத்த கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

ராஜாக்களோடு நின்றுவிடாதீர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதும் நம் சரித்திரம்தான். அதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கூலிப் போராட்டத்தைவிடப் பண்ணையாரின் மனக்கோளாறுக்கு அதிக இடம் கொடுத்துவிட்டது என்ற விமர்சனமும் அதன்மேல் உண்டு, எனக்கும் அந்தக் குறை கொஞ்சம் உண்டு. நாவலைப் பேசுகிற அன்று, அந்தக் காலத்தில் வயலில் இறங்கி வேலை செய்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதலில் அவரைப் பேசவிடுங்கள்.

நடவு நேரத்தில் கூட்டம் எப்படியும் குறையும். அந்த மாதங்களில் இருபது பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.