சாலையை அகலப்படுத்தும் முன் தொல்லியல் ஆய்வு செய்தால் வேலை இழுத்துக்கொண்டே போகாதா?

ஆய்வை எப்போது தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் சாலைப் பணிகளில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். தொல்லியல்காரர்களோடு மல்லுக்கு நின்றவன்தான் நானும்.

ஆய்வு என்றதும் எல்லோரும் மண்வெட்டியை நினைக்கிறார்கள். முதல் கட்டத்தில் தோண்டுவதே இல்லை. பழைய வரைபடங்களையும் விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் பார்ப்பார்கள். வறண்ட கோடையில் வயல் முழுக்க வாடிக் கிடக்க, தூர்ந்துபோன அகழியின் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அடுத்தது காந்தமானி, மண்ணின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி. அதைத் தூக்கிக்கொண்டு வயலில் உழவு ஓட்டுவதுபோல மேலும் கீழும் நடப்பார்கள். சூளை, அடுப்பு, மூடிய அகழி இருக்கும் இடங்களில் அளவு மாறும். ஒருமுறை ஏதோ கேட்கப் போனேன். கருவியோடு நடந்துகொண்டிருந்த பெண் தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என் பூட்ஸ் முனையில் இரும்புத் தகடு! அவர்கள் உடையில் ஜிப்கூட உலோகத்தில் இருக்கக் கூடாதாம்.

அப்புறம்தான் சோதனைப் பள்ளம். பொக்லைனில் பல் இல்லாத வாளியை மாட்டி, தோசைக்கரண்டியால் சுரண்டுவதுபோல மேல்மண்ணை எடுப்பார்கள். புதையல் எல்லாம் வராது. கருத்த வட்டங்கள் தெரியும். எனக்கு அவை வெறும் கறை. அவர்களுக்கு, மக்கிப்போன மரக்கம்பம் நின்ற குழி. அப்படிப் பத்துப் பன்னிரண்டு குழிகள் ஒரு வளையமாக அமைந்தால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம்.

1990-லிருந்து இங்கே திட்டத்தை எடுப்பவர்தான் இதற்குப் பணம் தர வேண்டும் என்பது நடைமுறை. அதனாலேயே சிலர் ஆய்வில் கைவைக்கிறார்கள். நான் இருந்த ஒரு சின்ன அகலப்படுத்தும் பணியில் சோதனைப் பள்ளங்களைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒப்பந்தம் போட்டு, எந்திரங்கள் வாடகைக்கு வந்து நின்ற பிறகு, மழைநீர்க் குழாய்க்கு வெட்டும்போது மண்டை ஓடு. மனித எலும்பு என்றால் நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் அகற்ற முடியாது. ஆறு வாரம் எந்திரங்கள் சும்மா நின்றன, வாடகை மட்டும் ஓடியது. அன்று நான் திட்டியது தொல்லியல்காரர்களை. திட்ட வேண்டிய ஆள் அவர்கள் இல்லை.

ஒழுங்காக நடந்ததற்குக் கேம்பிரிட்ஜ் - ஹண்டிங்டன் ஏ14 சாலையைச் சொல்லலாம். 21 மைல், சுமார் 150 கோடி பவுண்டு. ஒரு பகுதி அகலப்படுத்தல், மிச்சம் புதிய புறவழிச்சாலை. வேலை உச்சத்தில் இருந்தபோது 250 தொல்லியலாளர்கள் வரை களத்தில் இருந்தார்கள். ரோமானியர் காலப் பானைச் சூளைகள், கைவிடப்பட்ட ஓர் இடைக்கால ஊர் எல்லாம் கிடைத்தன. லேலியானஸ் என்பவனின் காசு ஒன்றும் வந்தது. கி.பி. 269-ல் தன்னை ரோமப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டு இரண்டு மாதம் போலத் தாக்குப்பிடித்தவன், அதற்குள் காசு அடித்துவிட்டான்! எனக்குப் பிடித்தது வேறு. கருகிய சின்னக் கட்டிகள் சில. ரொட்டித் துணுக்கு என்று தள்ளிவிடக்கூடியவை. நுண்ணோக்கியில் பார்த்ததில் பீர் காய்ச்சியதன் மிச்சம் என்று தெரிந்தது. கி.மு. 400 வாக்கில் இருக்கலாம் என்றார்கள், அதாவது பிரிட்டனில் பீருக்குக் கிடைத்த மிகப் பழைய தடயங்களில் ஒன்று.

இதனால் சாலை நின்றுவிட்டதா என்றால், இல்லை. அளந்து, படமெடுத்து, வரைந்து, பொருள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் மேல்தான் தார் போட்டோம் என்று எங்கள் தொழில்காரர்கள் சொல்வார்கள். தோண்டிய இடம் திரும்ப வராது என்பதால், இனி அந்த ஊர் இருப்பது அவர்களுடைய குறிப்புகளில் மட்டும்தான். அந்தச் சங்கடம் எனக்கும் உண்டு.

தாமதக் கணக்குக் கேட்டீர்களே: ஏ14-க்குக் கெடு 2020 டிசம்பர். மே மாதமே திறந்துவிட்டார்கள்.