சஃபாரில உடையுது, குரோம்ல நிக்குது: சிஎஸ்எஸ் (வெப் பேஜ் தோற்றத்த சொல்ற கோடு) கேள்வி-பதில்

கே: ஐபோன்ல மெனுவோட கடைசி பட்டன் மறைஞ்சு போகுது. ஹைட் 100விஎச் தான் குடுத்திருக்கேன்.

ப: அதான் பிரச்சனையே. 100விஎச்னா முழு ஸ்கிரீன் உயரம். ஐபோன் சஃபாரி 100விஎச்சுக்கு அட்ரஸ் பார் சுருங்கின உயரத்த எடுத்துக்குது, பார் விரிஞ்சிருக்கும்போது உங்க பட்டன் அதுக்கு அடில போயிடும். 100விஎச் வரிக்கு கீழயே 100டிவிஎச்னு (பாருக்கு ஏத்த மாதிரி மாறுற உயரம்) இன்னொரு வரி போடுங்க, 2022-க்கு அப்புறம் வந்த பிரவுசர் எல்லாத்துக்கும் புரியும், பழசு அந்த வரிய கண்டுக்காம போயிடும்.

கே: சார் சஃபாரில லேஅவுட் சரியா வரல. என்ன பண்ணலாம்?

ப: எந்த வெர்ஷன், ஐபோனா மேக்கா, கோடு எங்க? எதுவுமே இல்லாம நான் என்ன ஜோசியமா பாக்கறது? முதல்ல டாக்டைப் (இது எச்டிஎம்எல் பேஜ்னு பிரவுசருக்கு சொல்ற வரி) முதல் வரில இருக்கானு பாருங்க.

கே: ஃப்ளெக்ஸ்ல (வரிசையா அடுக்கற முறை) கேப் (நடு இடைவெளி) குடுத்தா பழைய ஐபேட்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. சப்போர்ட்ஸ் (வசதி இருக்கானு பிரவுசர கேக்கற வரி) போட்டு செக் பண்ணியும் வேலைக்கு ஆகல.

ப: ஆகாது. ஃப்ளெக்ஸ்ல கேப் சஃபாரிக்கு 14.1-ல, அதாவது 2021-ல தான் வந்துச்சு, ஆனா கிரிட்ல (கட்டம் கட்டமா அடுக்கற முறை) அதுக்கு முன்னாடியே இருந்ததால சப்போர்ட்ஸ் கேட்டா 'இருக்கு'னு சொல்லிடும். அந்த ஐபேட் முக்கியம்னா மார்ஜின் (வெளி இடைவெளி) போடுங்க, இல்லன்னா விட்டுடுங்க.

கே: எங்க தமிழ் செய்தி சைட்ல தலைப்பு விண்டோஸ்ல நல்லா இருக்கு, மேக்ல பட்டன் உயரம் மாறுது, ஆண்ட்ராய்டுல 'கி', 'கீ' மேல் வளைவு வெட்டுப்படுது. ஒவ்வொரு பிரவுசருக்கும் தனி சிஎஸ்எஸ் எழுதி எல்லாத்துலயும் இம்பார்ட்டன்ட் (மத்த வரிய மீறி இதத்தான் எடுக்கணும்ங்கற குறி) போட்டுட்டேன், இன்னும் சரியாகல.

ப: வாரா வாரம் இதே லெட்டர் தான் வருது. இது பிரவுசர் தகராறே இல்லீங்க, ஃபான்ட் தகராறு. நீங்க ஃபான்ட் பேர ரோபோட்டோனு எழுதிட்டு நிம்மதியா இருக்கீங்க, அதுல தமிழ் எழுத்தே கிடையாது, அதனால பிரவுசர் மெஷின்ல இருக்கறத எடுத்து போடுது, விண்டோஸ்ல நிர்மலா யூஐ, மேக்ல தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் நோட்டோ. மூணுக்கும் மேல-கீழ அளவு வேற வேற, லைன்-ஹைட்ட (வரி உயரத்த) நார்மல்ல விட்டா ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்கு இடம் எடுத்துக்கும். இங்கிலீஷ் டெம்ப்ளேட்ட வாங்கி, லைன்-ஹைட் 1, ஹைட் 40 பிக்சல், ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (வெளிய நீட்டறத மறைக்கறது) எல்லாத்தையும் அப்படியே வச்சுக்கிட்டு உள்ள தமிழ கொட்டினா வெட்டாம என்ன பண்ணும்? நோட்டோ சான்ஸ் தமிழ வெப் ஃபான்ட்டா (சைட்டே கூட அனுப்பற ஃபான்ட்டா) ஏத்துங்க, லைன்-ஹைட் 1.6 கிட்ட வையுங்க, பின்னாடி பிக்சல் மாதிரி யூனிட் போடாதீங்க, ஃபிக்ஸட் ஹைட்ட தூக்கிட்டு பேடிங் (உள் இடைவெளி) குடுங்க. அந்த இம்பார்ட்டன்ட் எல்லாத்தையும் அழிச்சுட்டு தான் இதையெல்லாம் ஆரம்பிக்கணும், இல்லன்னா எது எத அடிக்குதுன்னு உங்களுக்கே தெரியாது. டாக்டைப்பையும் பாருங்க.

கே: விண்டோஸ்ல மட்டும் கீழ ஸ்க்ரோல்பார் வருது, மேக்ல வரல.

ப: எங்கயோ விட்த் 100விடபிள்யூ (முழு ஸ்கிரீன் அகலம்) போட்டிருப்பீங்க. விண்டோஸ் ஸ்க்ரோல்பார் பதினஞ்சு பிக்சல் கிட்ட இடம் பிடிக்கும், விடபிள்யூ அத கழிக்காது. 100 பர்சன்ட்னு மாத்துங்க.

கே: ஐபோன்ல இன்புட்ட தொட்டா பேஜே பெருசாகுது. யூசர்-ஸ்கேலபிள் நோ (பேஜ பெருசு பண்ண விடாத வரி) போடலாமா?

ப: போடாதீங்க, கண்ணு மங்கினவங்க பெருசு பண்ணி படிக்கணும். இன்புட் ஃபான்ட்-சைஸ் 16 பிக்சலுக்கு கீழ இருக்கு, ஏத்துங்க.

கே: ஐபோன்ல சஃபாரி வேணாம், குரோம்ல பாருங்கனு கிளையன்ட்கிட்ட சொல்லிடலாமா?

ப: ஐபோன் குரோமுக்குள்ள ஓடுறதும் சஃபாரியோட இன்ஜின் வெப்கிட் தான். அங்கயும் அதே மாதிரி தான் உடையும்.