நோயைப் பற்றித் தெரிந்தவர்களே ஏன் பயப்படுகிறார்கள்?

பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் பெருந்தொற்றின்போது ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்திருப்பதால்தான். 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவியபோது பாதிக்கப்பட்ட சுமார் 8,000 பேரில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கோவிட்டில் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 பணியாளர்கள் வரை இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆக, இது வீண் பயம் இல்லை.

ஆனால் பலருக்குத் தன் உயிரைவிட, வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோய்விடுவோமோ என்பதுதான் பெரிய கவலை. அதனால் தனி அறையில் படுக்கிறார்கள், குழந்தையைத் தூக்குவதில்லை. ஆறுதல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதுவும் போய்விடுகிறது. அப்புறம் குற்ற உணர்வு. படுக்கையோ வென்டிலேட்டரோ போதாதபோது யாருக்கு முதலில் என்று முடிவெடுத்தவர் மனதில் அது நெடுநாள் தங்கும். இதைச் சாதாரணக் களைப்போடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

மனநல ஆலோசனைக்கான தொலைபேசி எண் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. போதுமான முகக்கவசம், இடைவேளை, சம்பளத்துடன் விடுப்பு, கடினமான வார்டிலிருந்து சுழற்சி முறையில் மாற்றம்: பயத்தைக் குறைப்பதில் இவற்றுக்கே முதலிடம் என்பேன். நடந்ததை உடனே எல்லோர் முன்னும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் வேண்டாம், சிலருக்கு அது கெடுதலாகவே முடியும். துப்புரவுப் பணியாளர்களையும் மறந்துவிடக் கூடாது. ஆபத்து அவர்களுக்கும் உண்டு, விளக்கிச் சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை.

தூக்கமின்மை, எரிச்சல், மரத்துப்போன உணர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.