சின்னத் தொட்டி, சின்ன மீன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரத்தில் ஒரு தொட்டி. கிரிப்டோகொரைன், அனுபியாஸ், ஜாவா பாசி வைத்து இரண்டரை மாதம் ஆகிறது, செடிகள் நன்றாக வேர் பிடித்துவிட்டன. பத்து நியான் டெட்ரா, நாலு கப்பி, இரண்டு ஏஞ்சல் விடலாம் என்கிறார் கடைக்காரர். போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். 650 காட்டுகிறது. எதை விடலாம்?
– சேலம் வாசகர்

பதில்: ஏஞ்சலை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் இருக்கும் அது, வளர்ந்தால் மேல் துடுப்பு முதல் கீழ்த் துடுப்பு வரை உங்கள் தொட்டியின் நீர்மட்டத்தையே அடைத்துக்கொள்ளும். வாய்க்கு அடங்கும் நியானையும் விழுங்கும். நியானுக்கும் இது இடம் போதாது. 60 செ.மீ. நீளமாவது இருந்தால்தான் அது கூட்டமாக நீந்துவதைப் பார்க்க முடியும்.

தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி 40 லிட்டர். மேலே 3 செ.மீ. காலி விட்டு, மண், கல், கட்டை போனால் 28 முதல் 30 லிட்டர் தண்ணீர்தான் உள்ளே நிற்கும். மீன் எண்ணிக்கை, உரம், மருந்து எல்லாவற்றையும் இந்த 28ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். 40 என்று நினைத்து மருந்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

அடுத்தது தண்ணீர். உங்கள் கேள்வியின் விடை இங்கேதான் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். அதில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு, வெறும் சோடியம் உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒரே 650 காட்டும் இரண்டு போர் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கும். எனவே ஜி.எச். (கால்சியம், மெக்னீசியம் அளவு), கே.எச். (கார்பனேட் அளவு) இரண்டுக்கும் சொட்டு சோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் சொட்டுகளை எண்ணி விட வேண்டும், எத்தனையாவது சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை டிகிரி. பெரும்பாலான கிட்டுகள் இப்படித்தான்.

ஜி.எச். 12க்கு மேல், கே.எச். 8க்கு மேல் வந்தால், தண்ணீரை மாற்றாமல் அதற்கேற்ற மீனை எடுப்பதே புத்திசாலித்தனம். அந்த மீன் எண்ட்லர். கப்பியின் நெருங்கிய உறவு, வெனிசுவேலாவில் கடினமான, வெதுவெதுப்பான நீரில் வாழ்வது. ஆண் மீன் இரண்டரை செ.மீ.கூட வராது. எட்டு ஆண் மீன் மட்டும் வாங்குங்கள். பெண் ஒன்று வந்தாலும் ஏறக்குறைய 24 நாளுக்கு ஒரு முறை குட்டி போடும். ஆணின் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்திருக்கும் என்பதால் ‘பெண் மட்டும்தானே’ என்ற நிம்மதியும் வேண்டாம். கப்பியையும் எண்ட்லரையும் ஒன்றாக விடாதீர்கள், இனம் கலந்துவிடும்.

சில்லி ரஸ்போராதான் வேண்டும் என்றால் தண்ணீரைத் தயாரிக்க வேண்டும். போர்னியோவின் கரிச்சதுப்பு நிலத்தில், இலைச் சாறு ஊறித் தேநீர் நிறமான மென்னீரில் வாழும் மீன் அது. பலர் போர் தண்ணீரில் நாட்டு வாதுமை இலையைப் போட்டுவிட்டு பி.எச். இறங்கி நீர் அமிலமாகும் என்று காத்திருக்கிறார்கள். கே.எச். 12 இருக்கும் நீரில் இலை நிறத்தைத்தான் தரும், பி.எச். அசையாது. இலையிலிருந்து இறங்கும் கொஞ்ச அமிலத்தைக் கார்பனேட்டே தின்றுவிடும். ஒரு பங்கு போர் தண்ணீர், மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் என்று கலந்தால், ஆர்.ஓ. 30 இருக்கும்போது டி.டி.எஸ். 185க்கு வரும். கே.எச். 12 இருந்தது 3 ஆகும். அதன் பிறகு இலை வேலை செய்யும். முழுக்க ஆர்.ஓ. மட்டும் ஊற்ற வேண்டாம். கே.எச். பூஜ்யமானால் பி.எச். திடீரென்று சரியும், செடிகளுக்கும் கால்சியம், மெக்னீசியம் கிடைக்காது.

கலந்த நீரில் பன்னிரண்டு சில்லி ரஸ்போரா, அல்லது பத்து எம்பர் டெட்ராவும் ஆறு பிக்மி கோரியும். இரண்டில் ஒன்றுதான். பல இனங்களில் இரண்டிரண்டு மீன் விட்ட தொட்டியில் எல்லாமே செடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரே இனம் கூட்டமாக இருந்தால்தான் வெளியே வந்து நிறம் காட்டும்.

கேள்வி: மார்ச்சில் வாங்கிய எட்டு கேலக்ஸி ரஸ்போராவில் மே மாதத்துக்குள் ஐந்து செத்துவிட்டன. வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன். கார்பன் டை ஆக்சைடும் கொடுக்கிறேன். எங்கே தவறு?
– சென்னை வாசகி

பதில்: வெப்பத்தில்தான் முதல் சந்தேகம். பெயரில் ரஸ்போரா இருந்தாலும் அது டானியோ இனம். மியான்மரில் இன்லே ஏரிக்குக் கிழக்கே, ஹோபோங் அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள குட்டைகளில் 2006இல் கண்டெடுக்கப்பட்டது. 2007இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது. கடின நீரைத் தாங்கும், ஆனால் 22 முதல் 25 டிகிரிதான் அதற்குச் சுகம். சென்னை மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம்.

வெப்பம் ஏறினால் மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கும். தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. வரை கரையும், 32 டிகிரியில் 7.3 மி.கி.தான். மீனின் உடல் வேகமாக இயங்குவதால் ஆக்சிஜன் தேவை கூடும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் மிகுந்தால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். காலை ஐந்து மணிக்கு ஒரு நாள் எழுந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது: கார்பன் டை ஆக்சைடு காஸை விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி டைமர் வையுங்கள். டிராப் செக்கர் (தண்ணீரில் உள்ள காஸ் அளவை நிறத்தால் காட்டும் குப்பி) மஞ்சளுக்குப் போகக் கூடாது, பச்சையில் நிற்கட்டும். இரவு முழுவதும் ஸ்பான்ஞ் ஃபில்டர் ஓடட்டும். கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறு ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பின் மீது சாய்வாக வீசும்படி பொருத்தினால் 2 முதல் 3 டிகிரி குறையும். ஆனால் சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு கோடைக்குள் டி.டி.எஸ். எகிறிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் 29 டிகிரிக்குக் கீழே வராத வீட்டில் இந்த மீனை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. மீதி மூன்றையும் குளிர்ச்சியான அறை உள்ளவரிடம் கொடுத்துவிட்டு எண்ட்லர் பக்கம் போங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வரவழைத்த 12 சில்லி ரஸ்போரா உயிரோடுதான் வந்தன. பையைத் திறந்து, குழாய் வைத்து, ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பொறுமையாகத்தான் விட்டேன். அன்றிரவே ஏழு செத்தன.
– கோவை வாசகர்

பதில்: அந்தப் பொறுமைதான் இங்கே எதிராகிவிட்டது. கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் மீனுக்குச் சொட்டு முறை நல்லது. ஒன்றரை நாள் பையில் பயணம் செய்த மீனின் நிலை வேறு. மீன் விடும் மூச்சால் பைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கிவிடும். கழிவிலிருந்து வந்த அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் தாழ்ந்த பி.எச்.சில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் காஸ் வெளியேறி பி.எச். ஏறும். 25 டிகிரியில் பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவே நஞ்சு வடிவில் இருக்கும், 8இல் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். ஏறக்குறைய பத்து மடங்கு. அந்தக் குழம்புக்குள் உங்கள் மீன் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது.

அடுத்த முறை, அனுப்புகிறவரிடம் அவர் தண்ணீரின் டி.டி.எஸ்., பி.எச். இரண்டையும் முன்பே கேளுங்கள். உங்கள் தொட்டியோடு டி.டி.எஸ்.சில் 150க்கு மேல் வித்தியாசம் இருந்தால், 10 லிட்டர் டப்பில் ஆர்.ஓ. கலந்து அவருடைய அளவுக்குத் தண்ணீர் தயார் செய்து, பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஞ் ஃபில்டரை அதில் போட்டு வையுங்கள். பை வந்ததும் விளக்கை அணைத்து, பையைத் திறக்காமலே 20 நிமிடம் டப்பில் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்த உடனேயே மீனை மெல்லிய வலையில் எடுத்து டப்பில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அடுத்த நாலைந்து நாளில், தினம் டப்பில் கால் பங்கு எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொட்டித் தண்ணீரை ஊற்றி வந்தால் மீன் பழகிவிடும். முதல் நாள் தீனி வேண்டாம்.

பிழைத்த ஐந்துக்கும் சாப்பாட்டைக் கவனியுங்கள். இரண்டு செ.மீ. மீனின் வாய்க்குச் சாதாரணக் குருணைத் தீனி போகாது. கவ்வும், துப்பும், சாப்பிட்டது போலவே நமக்குத் தெரியும், மூன்று வாரத்தில் வயிறு ஒட்டிவிடும். தீனியை இரு விரலுக்கிடையே மாவாகத் தேய்த்துப் போடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது அப்போது பொரித்த ஆர்ட்டீமியா (உப்பு நீரில் வாழும் மிகச் சிறு இறால் வகை) குஞ்சு கொடுத்தால் சிவப்பு நிறம் திரும்பும். அதைப் பொரிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத கல் உப்பு 25 கிராம், ஆர்ட்டீமியா முட்டை அரைத் தேக்கரண்டி, அடியிலிருந்து பலமான காற்று, மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே ஆரஞ்சு நிறத்தில் சேரும். கீழே இருப்பதை மட்டும் குழாயால் எடுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓட்டைச் சேர்த்துப் போட்டால் சின்ன மீனின் குடலில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: நம் மண்ணின் மீன்களை வைத்தே ஒரு சின்னச் செடித் தொட்டி அமைக்க முடியுமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: தாராளமாக. உங்கள் ஊருக்கு அதில் தனி உரிமையே உண்டு. தென்னிந்தியா, இலங்கையின் வயல் வாய்க்கால்களில் வாழும் சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ் என்ற சிறு மீனின் பெயரில் உள்ள ‘குபானஸ்’ அரியாங்குப்பம் ஆற்றைக் குறிக்கிறது. 1831இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அதை விவரித்தபோது அந்த ஆற்றின் பெயரையே வைத்தார். ஐந்தாறு செ.மீ. வளரும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு என்பதால் கேலக்ஸியைப் போலக் கோடை வெப்பத்துக்குப் பயந்து வாங்க வேண்டியதில்லை. 45 செ.மீ. தொட்டிக்கு ஒரு ஜோடி போதும். அகன்ற இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டி ஆண் காவல் காக்கும். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். இறால் குஞ்சுகளைத் தின்றுவிடும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கூட்டமாக வேண்டுமென்றால் ஹொரடாண்டியா. இலங்கையில் ஒரு இனம், 1943இல் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இன்னொன்று, வேம்பநாட்டு ஏரியின் பாதிரமணல் தீவிலிருந்து 1992இல் விவரிக்கப்பட்டது. இரண்டும் மூன்று செ.மீ.க்குள்தான். கடலோரத் தாழ்நில மீன் என்பதால் வெப்பம் பழகியது. நிறம் பளிச்சென்று இருக்காது. ஆனால் கரும்பச்சைச் செடிப் பின்னணியில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து மின்னும்போது கண்ணை எடுக்க முடியாது.

குளத்தில் கப்பி என்று பிடித்து வருவது கொசுப் புழுவுக்காக விடப்பட்ட கம்பூசியாவாக இருக்கலாம், சாம்பல் நிறத்தில் இருக்கும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்து நாசமாக்கும். ‘மிஸ் கேரளா’ நம் நாட்டு மீன்தான், ஆனால் 15 செ.மீ. வரை வளரும். காட்டில் அழிவின் விளிம்பிலும் இருக்கிறது. சின்னத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நத்தைத் தொல்லைக்கு இரண்டு பீ பஃபர் மீன் விடலாமா? செர்ரி இறால் இருக்கிறது.
– மதுரை வாசகி

பதில்: விடாதீர்கள். நத்தையைத் தின்னும், பிறகு இறாலையும் தின்னும். நத்தை பெருகியது தீனி மிஞ்சுவதால்தான். தீனியைப் பாதியாகக் குறைத்து, இரவில் வெள்ளரித் துண்டு ஒன்றை அடியில் வைத்து, காலையில் அதில் ஒட்டியிருக்கும் நத்தைகளோடு வெளியே எடுத்துவிடுங்கள். நத்தை மருந்து ஊற்றும் எண்ணம் இருந்தால் லேபிளைப் படியுங்கள்: தாமிரம் கலந்தது என்றால் இறால் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: அக்வா சாயில் (செடித் தொட்டிக்கான சத்து மண்) போட்டு, செடி நட்டு ஐந்து நாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் வாங்கலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: வேண்டாம். அம்மோனியா நிறமற்றது, தெளிந்த நீரிலும் இருக்கும். புது அக்வா சாயில் முதல் சில வாரம் தானே அம்மோனியாவை விடும். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், பிறகு வாரம் இருமுறை. நாலாவது வாரத்திலிருந்து சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால், முதலில் ஐந்து இறால். அவை பத்து நாள் நன்றாக மேய்ந்தால் மீன் கூட்டத்தில் பாதி, இன்னும் இரண்டு வாரம் கழித்து மீதி. பாசி தின்னும் ஓட்டோ மீனை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். புதுத் தொட்டியின் கண்ணாடியில் அதற்கு மேய எதுவும் இருக்காது.