பஞ்சரே இல்லை, ஆனாலும் பைக் டயரில் காற்று இறங்குகிறது. டயரை மாற்றணுமா?

கேட்டவர் சொல்வது இது: டியூப்லெஸ் டயர், அலாய் வீல், பின் சக்கரம். காற்று அடித்து இரண்டு மூன்று நாளில் வண்டி தொளதொளவென்று ஆகிவிடுகிறது. பஞ்சர் கடையில் பார்த்துவிட்டு ஆணி எதுவும் இல்லை, டயரை மாற்றிப் பாருங்கள் என்கிறார்கள்.

மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். குமரி மாவட்டத்தில், அதுவும் கடற்கரை ஊர்களில் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நிறையவே வரும். நான் ராஜாக்கமங்கலம் பக்கம் இருக்கிறேன், கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். என் 150 சிசி வண்டிக்கும் இதே கதைதான். ஒரு செலவும் பெரிதாக இல்லாமல் அதைச் சரி செய்து தந்தவர்கள் என்னோடு வண்டி ஓட்டும் ஆட்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டியூப்லெஸ் டயரில் காற்று வெளியேற முக்கியமாக நாலு வழிதான். டயரின் நடுவில் குத்திய ஆணியோ முள்ளோ ஒன்று. வால்வு இரண்டாவது. டயரின் ஓரம், அதாவது பீடு, ரிம்மில் உட்காரும் இடம் மூன்றாவது. குழியில் விழுந்து ரிம்மே வளைந்தோ விரிசல் விட்டோ போவது நாலாவது. பல கடைகளில் முதல் வழியை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கூட்டம் அதிகம், மெதுவாகக் கசியும் இடத்தில் குமிழி வர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை.

அதனால் முதலில் வீட்டிலேயே பாருங்கள். சாயங்காலம் டயர் ஆறியிருக்கும்போது, பின்னால் ஆள் இருந்தால் அடிக்கச் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு அது 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), தனியாக ஓட்டினால் 28. உங்களுடையது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஒரு ஷாம்பு பாக்கெட்டை அரை லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். வால்வு மூடியைக் கழற்றி, வாயில் இரண்டு சொட்டு விடுங்கள். குமிழி எழும்பினால் உள்ளே காற்றை அடைத்து வைக்கும் சின்ன ஊசி, அதாவது வால்வு பின், தேய்ந்திருக்கிறது, அல்லது லூசாக இருக்கிறது. பின்னை இறுக்கியோ மாற்றியோ விட்டால் முடிந்தது. வால்வின் அடியில், ரப்பர் நெக் ரிம்மில் நுழையும் இடத்திலும் விட்டு, நெக்கைக் கையால் இப்படியும் அப்படியும் லேசாக வளைத்துப் பாருங்கள். பழைய நெக்கில் ரப்பர் வெடித்திருக்கும். நேராக நிற்கும்போது அது தெரியாது, வளைத்தால்தான் தெரியும்.

அப்புறம் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ரிம்மின் இரண்டு ஓரத்திலும் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். பீடில் கசிவு இருந்தால் ஒரே பெரிய குமிழியாக வராது. ஓரம் முழுக்கக் கடுகு கடுகாக நுரை கட்டும்.

என் வண்டியில் இதைக் கண்டுபிடித்தது தடிக்காரன்கோணத்தில் ஒரு டீக்கடை வாசலில். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து ஓட்டும் ஒரு கூட்டம் உண்டு. கிளப் என்றெல்லாம் பேர் வைக்கவில்லை. காளிகேசம், பேச்சிப்பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று அந்தந்த வாரம் தோன்றுகிற இடத்துக்குப் போவோம். அன்றைக்குக் கீரிப்பாறை ஏறுவதாக இருந்தது. டயரை எல்லோரும் அமுக்கிப் பார்த்து ஆணி தேடிக்கொண்டிருந்தார்கள். எங்களில் மூத்தவர் சின்னமுட்டம் துறைமுகத்தில் போட் இன்ஜின் வேலை பார்க்கிற அண்ணன். அவர் குனிந்து ரிம்மின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்பு பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் வெள்ளையாக மாவு.

"தம்பி, ஆணியத் தேடாதே. உப்பு தின்னிருக்கு, ரிம்மப் பாரு கேட்டியா."

அலுமினியத்தில் உப்புக் காற்று வேலை செய்தால் இரும்பு மாதிரி செந்துரு வராது, இப்படி வெள்ளைப் பொடிதான் வரும். பெயின்ட்டில் ஒரு சின்னக் கீறல் போதும். அதன் வழியே அடியில் பரவி, பெயின்ட்டைத் தூக்கிவிடும். டயரின் பீடு வழவழப்பான உலோகத்தின் மேல் உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். அங்கே பொடியும் பள்ளமுமாக இருந்தால் எத்தனை புது டயர் மாட்டினாலும் இறங்கும். டயர் மாற்ற வேண்டாம் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வது இதனால்தான்.

"இந்தக் காத்தோட மேலே ஏற வேண்டாம்" என்று அண்ணன் சொன்னதும் மொத்தப் பயணத்தையும் நிறுத்திவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. காற்று அடித்துக்கொண்டு நேராக ஈத்தாமொழியில் ஒரு நண்பனின் தென்னந்தோப்புக்குப் போனோம். அங்கே நடந்த வேலையைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

சக்கரத்தைக் கழற்றி, வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க விட்டோம். பீடு ரிம்மை விட்டு லேசில் வராது, ஒட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை ரிம்மை ஒட்டி டயரின் மேல் ஊன்றி, அந்த பைக்கை மெல்லச் சாய்த்தார்கள். வண்டியின் எடையே அமுக்கி விடுகிறது. இதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சக்கரத்தைப் பார்க்க. டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க் தரையில் படாமல் அடியில் பலகை வையுங்கள். டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப அதே இடத்தில் மாட்டலாம். சுழலும் திசைக்கான அம்புக்குறியையும் பார்த்து வையுங்கள்.

உள்ளே பீடு உட்காரும் வளையம் சுற்றிலும் பொரிந்து கிடந்தது. தூக்கலாக இருந்ததைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தோம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டவே கூடாது. அது போடும் கோட்டின் வழியே புதிதாகக் கசியும். விரல் நுனியால் சுற்றித் தடவினால் எங்கும் தடங்கக் கூடாது, அதுதான் அளவு. மாறி மாறித் தேய்த்தும் நேரம் எடுத்தது. இந்த வேலையில் அவசரமே ஆகாது. டயரின் பீடிலும் பழைய பிசின், பொடி எல்லாம் ஒட்டியிருக்கும், அதையும் துணியால் துடைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு டயர் கடையில் கிடைக்கும் பீடு சீலரை மெல்லிசாகத் தடவினோம். டயர் கழன்றிருக்கும்போதே புது நெக்கும் மாட்டிவிடுங்கள், விலை சொற்பம்.

திரும்பக் காற்று அடிக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒரு தம்பி பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் வைத்திருந்தான். பீடு ரிம்மைத் தொடாததால் அடித்த காற்று எல்லாம் ஓரம் வழியே போய்விட்டது. முட்டத்திலிருந்து வருகிற நண்பன், "மக்கா, கயிறு எடு" என்றான். வலை வேலைக்கு வைத்திருக்கும் நைலான் கயிற்றை டயரின் நடுவில் சுற்றிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினான். நடு அமுங்கியதும் இரண்டு ஓரமும் விரிந்து ரிம்மில் போய் ஒட்டியது. பீடில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு பின் இல்லாமலே பம்ப்பைப் போட்டதும் காற்று உள்ளே நின்றது. உடனே கயிற்றை அவிழ்த்தான். கொஞ்ச நேரத்தில் டப், டப் என்று இரண்டு சத்தம், இரண்டு பீடும் ரிம்மில் உட்கார்ந்த சத்தம். அதற்குப் பிறகு பின்னைப் போட்டு அளவாக அடித்தோம். சத்தம் வரவில்லை என்று டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டி அடிக்காதீர்கள், ஆபத்து. ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது என் டயரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைகிறது. அது எந்த டயரிலும் இயல்பு.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. டயர் கடையில் போய் "பஞ்சர் பாருங்க" என்று சொல்லாமல், "டயரைக் கழற்றி, ரிம் ஓரத்தைத் தேய்த்து, நெக் மாற்றித் தாங்க" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவத்தை இதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓடும்போது அது டயரின் நடுப்பகுதிக்குத்தான் போகும், முள் குத்தினால் அடைக்கும். உப்பு தின்ற ரிம்மை அது ஒன்றும் செய்யாது, பிறகு தேய்க்க வரும்போது வேலை இரட்டிப்பு. ரிம்மில் விரிசல் கண்ணில் பட்டால் மட்டும் சீலரும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம், ரிம்மையே மாற்றுங்கள்.

ஆடிக் காற்று சமயத்தில் மணக்குடி, முட்டம் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவிவிடுங்கள். கசிவு சரியாகும்வரை மலைப்பாதை வேண்டாம். பின் டயரில் காற்று குறைந்தால் வளைவில் வண்டி ஆடும்.

சோப்புத் தண்ணீரில் குமிழி எங்கே வந்தது என்று கீழே எழுதுங்கள். வால்வா, ஓரமா, இரண்டு பக்கமுமா என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று எங்கள் ஆட்களிடமும் கேட்டுச் சொல்கிறேன்.