இஞ்சி: கேள்வியும் பதிலும்

கேள்வி: தொட்டியில் நட்ட இஞ்சி முளைக்காமலே அழுகிவிடுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். முளை வரும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். தினமும் ஊற்றினால் அழுகல் பூஞ்சை பிடித்துவிடும். 25 கிராம் அளவில், ஒரு கணுவாவது உள்ள துண்டாக நறுக்கி, வெட்டிய பக்கம் காய இரண்டு நாள் நிழலில் வையுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு கலந்து, கணு மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். தொட்டியில் வடிதுளை அவசியம். ஆழத்தைவிட அகலம் முக்கியம், கிழங்கு பக்கவாட்டில்தான் ஓடும். சித்திரை, வைகாசி நடவுக்கு ஏற்றது. எட்டாம் மாதம் இலை பழுத்துச் சாய்ந்ததும் தோண்டலாம். சமையலுக்கு மட்டும் என்றால் ஆறாம் மாதமே போதும். நாரும் குறைவாக இருக்கும்.

கேள்வி: இஞ்சி டீயில் பால் திரிகிறதே?

பதில்: பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் அது செயலிழக்கும். பாலைப் பிறகு ஊற்றுங்கள். சுக்கு போட்டால் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: இஞ்சிச் சாற்றின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது என்ன?

பதில்: மாவுச்சத்து. பத்து நிமிடம் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் இறுத்து, ஒரு டீஸ்பூனுக்குச் சம அளவு தேன் சேர்த்துக் குடிக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.