படக் கோப்பை மாற்றித் தரும் தளங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஐபோனில் எடுத்த ஆதார் அட்டைப் படத்தை, ஜேபிஜி கோப்பாக இல்லை என்று இணையதளம் ஏற்க மறுக்கிறது. கோப்பின் பெயரை ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்களை நம்பலாமா?
வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஐஓஎஸ் 11 (ஐபோனை இயக்கும் மென்பொருளின் ஒரு பதிப்பு) முதல், ஐபோன் கேமரா படங்களை எச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. ஏறத்தாழ அதே தெளிவைக் குறைந்த இடத்தில் அடக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது; பழைய விண்ணப்பத் தளங்களுக்கு அது புரிவதில்லை. பெயரை மட்டும் மாற்றுவது, உப்பு டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டுவதைப் போன்றது.

நீங்கள் கேட்டிருக்கும் தளங்களில் பெரும்பாலானவை, உங்கள் படத்தை எங்கோ இருக்கும் தங்கள் கணினிக்கு ஏற்றிக்கொண்டு, அங்கே மாற்றி, திருப்பி அனுப்புகின்றன. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பார்கள். அழித்தார்களா என்று நாம் பார்க்க வழியில்லை. வாசலில் போட்ட கோலத்தின் படமென்றால் கவலை இல்லை. ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அப்படி ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சயனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் கோப்பைத் தேடியபோது, அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் முன்பின் தெரியாதவர்களின் ஆதார் படங்கள் வரிசையாக, முகமும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி, கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். கண்ணெதிரே இருக்கும் கடையிலேயே இந்த நிலை.

உங்களுக்குத் தளமே தேவையில்லை. ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தையது உங்கள் போனில் இருந்தால், படத்தை ஃபைல்ஸ் செயலியில் சேமித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து, குவிக் ஆக்‌ஷன்ஸ் என்பதில் கன்வர்ட் இமேஜைத் தேர்ந்தெடுத்தால், ஜேபெக் ஆக (ஜேபிஜி என்பதும் இதுவே) மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் வேலை போனுக்குள்ளேயே நடந்துவிடும். இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகவே பதிவாக வேண்டுமென்றால், செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் என்று சென்று, மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரி ஏற்குமானால், பன்னிரண்டு இலக்கங்களில் முதல் எட்டு மறைக்கப்பட்ட ஆதாரைத் தருவது இன்னும் நல்லது. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சமையல் தளத்திலிருந்து சேமித்த படம் வெப்பி என்ற வடிவில் வருகிறது. என்ன செய்வது?
வாசகர், செம்பூர், மும்பை

பதில்: கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வடிவம் அது. விண்டோஸ் 11 கணினியின் பெயின்ட்டில் திறந்து, சேவ் ஆஸ் மூலம் ஜேபெக் ஆகச் சேமித்தால் போதும்.

கேள்வி: வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பை அச்சடிப்பவர் கேட்டாரென்று, பிஎன்ஜி வடிவில் இருந்த எங்கள் சின்னத்தை ஒரு தளத்தில் ஜேபிஜி ஆக மாற்றினேன். பின்னணி கறுப்பாகிவிட்டது, எழுத்துகளும் அழுக்காகத் தெரிகின்றன.
வாசகி, தாராவி, மும்பை

பதில்: சின்னத்தைச் சுற்றி வெறுமையாகத் தெரியும் பகுதியை பிஎன்ஜி ஒளிபுகும் இடமாக வைத்திருக்கும், ஜேபெக்கில் அதற்கு வழியே இல்லாததால், மாற்றும் மென்பொருள் அங்கே கறுப்பையோ வெள்ளையையோ நிரப்பிவிடுகிறது. எழுத்து அழுக்காவதற்குக் காரணம் வேறு. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், புகைப்படங்களை மனதில் வைத்து உருவானது: படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். மரத்தின் இலைகளில் இது தெரியாது. வெள்ளையில் சிவப்பாக எழுதிய ‘மாவு’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘வு’வின் வளைவை ஒட்டிச் சாம்பல் நிறத் துகள்கள் சிதறியிருக்கும். கழிந்தது கழிந்ததுதான், அதை மறுபடி பிஎன்ஜி ஆக மாற்றினாலும் துகள்கள் போகாது.

எனவே மாற்றிய கோப்பை விட்டுவிட்டு, பழைய பிஎன்ஜியையே எடுங்கள். அச்சடிப்பவர் பிஎன்ஜியை ஏற்பாரா என்று முதலில் கேளுங்கள். ஜேபிஜிதான் வேண்டுமென்றால், முதலில் வெள்ளைப் பின்னணி வைத்து, பிறகு மிக உயர்ந்த தரத்தில் சேமியுங்கள். அப்படித் தரம் பார்த்துச் சேமிப்பதற்கு ஸ்குவூஷ் (Squoosh) என்ற தளம் உதவும். அது படத்தை எங்கும் அனுப்பாமல், உங்கள் உலாவிக்குள்ளேயே மாற்றுகிறது, தரத்தைக் கூட்டிக் குறைக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் அருகருகே காட்டுகிறது. மூல பிஎன்ஜிக்கு ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.